மாப்பிள்ளைக்குக் கண்ணி

கண்ணி வாங்கிப்போட்டீங்களாமா மாப்ளை, அம்மிணி சொன்னா. ஒரு டசன், பெட்டியோட வாசலுக்கே வந்து எறங்கிருச்சாமா. சந்தோசமுங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க கொறங்காட்டுக் கடவுல படலை எந்தப் பக்கம் தள்றதுன்னு தெரியாம நின்னவரு நீங்க. இன்னைக்கு ஆஸ்டினுக்கு மேக்கால நெலம் வாங்கி, அதுல வெள்ளாடு வாங்கி உட்டு, நரிக்குக் கண்ணி வைக்கிற அளவுக்கு வந்துட்டீங்க. எங்க வீட்ல பொண்ணெடுத்தவங்க யாரும் கெட்டுப் போனதில்லீங்க.

ஆடு எதுக்கு வாங்குனீங்கங்கறது எனக்கும் தெரியும், உங்களுக்கு வரி போடற கவுண்டி ஆபீசுக்கும் தெரியும். டெக்சாஸ்ல ஆடு மாடு மேயுற நெலத்துக்குச் சந்தை மதிப்புல வரி போடறதில்லை. வெவசாயத்துல அந்த நெலம் என்ன சம்பாதிக்குமோ அந்தக் கணக்குலதான் போடறாங்க. நாங்க வயித்துப் பொழப்புக்கு ஆடு வளத்தோம், நீங்க வரிக்கு வளக்கறீங்க. ஆட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க, அது பாட்டுக்கு மேயும். நரிக்கும் ரெண்டும் ஒரே ருசிதான்.

அதனால கண்ணி வைக்க வேண்டாமுன்னு சொல்ல வரலீங்க. மாமனார் சொல்லி மாப்ளை கேட்ட கதை எங்க பக்கம் எங்கயும் கெடையாது. வைக்கறதுக்கு முன்னால சித்த நாயம் பேசலாமுன்னுதான் கூப்புட்டேன்.

மொதல்ல ஒண்ணு கேக்கறனுங்க. நம்ம ஆட்டுக்குட்டி ஒண்ணு செத்துக் கெடந்துதே, அதைக் கொன்னது கயோட்டின்னு, நரியாட்டம் இருக்கற இந்த நாட்டு மிருகமுன்னு, உங்களுக்கு யாரு சொன்னது? செத்த குட்டியப் போட்டோ எடுத்தீங்க, கூட்டாளிங்களுக்கு அனுப்புனீங்க, அதுல ஒருத்தரு பெங்களூர்ல உக்காந்துக்கிட்டே கயோட்டிதான்னு தீர்ப்புச் சொல்லிப்போட்டாரு. குட்டியத் திருப்பிப் போட்டு நீங்க பாத்தீங்களா? பாக்கலை. நாத்தம் அடிக்குதுன்னு மூஞ்சிய அக்கட்ட திருப்பிக்கிட்டு, உறை போட்ட கையில காலைப் புடிச்சு இழுத்து வேலியோரமா வீசிப்போட்டு, வந்து குளிச்சீங்க. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவரு கூட அப்படிக் குளிக்க மாட்டாருங்க.

கயோட்டி கொன்னுதுன்னா அதுல ஒரு ஒழுங்கு இருக்குமுங்க. தாடைக்குக் கீழ, காதுக்குப் பின்னால, தொண்டையப் பாத்துக் கவ்வும். மூச்சு நிக்கற வரைக்கும் உடாது. அப்பறம் விலா எலும்புக்குப் பின்னால வயித்தைக் கிழிச்சு உள்ள இருக்கறதைத் திங்கும். பசிக்குக் கொல்லுது, தின்னுபோட்டுப் போகுது. நாயோட வேலை வேறைங்க, அதுக்கு அது வெளையாட்டு. பின்னந்தொடை, விலா, காது, வாலுன்னு வாயில சிக்குன எடத்தையெல்லாம் கடிச்சுப் பிய்ச்சுப்போட்டு, ஒரு வாய் திங்காம அடுத்த ஆட்டைத் தொரத்தும். பட்டியையே கலைச்சு ஓட்டி, வேலி மூலையில நெருக்கி, ஒண்ணுக்குப் பத்தாக் கொதறிப்போட்டு, விடியறதுக்குள்ள வூட்டுக்குப் போயி எசமான் வச்ச தட்டுல தின்னுபோட்டு, திண்ணையில படுத்து வாலாட்டும். எசமானும் தலையத் தடவி, நம்ம புள்ளை ராத்திரியெல்லாம் காவல் காத்துக் களைச்சுப் போச்சும்பாரு.

அதுலயும் சந்தேகமா இருந்தா செத்ததோட தோலை உரிச்சுப் பாக்கோணும். உசுரோட இருக்கயில கடிச்சிருந்தாத் தோலுக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கும். செத்தப்பறம் கடிச்சதுன்னா கட்டியிருக்காது. நோவுல தானாச் செத்த குட்டிய ஒரு கயோட்டி வந்து தின்னுட்டுப் போச்சுன்னா, அதுக்குக் கொலைக் கேசு போடறது நாயமுங்களா?

தடத்தையும் பாக்கலாம். கயோட்டி காலடி ஒடுக்கமா, நீளவாக்குல விழுகும், நடு வெரல் ரெண்டோட நகமும் ஒட்டிக்கிட்டே பதியும். நூல் புடிச்சாப்பல நேராப் போகும், ஏன்னா அதுக்குப் போற எடம் தெரியும். நாய்த் தடம் அகலமா, வெரல் விரிஞ்சு, இங்க மோந்து அங்க மோந்து வளைஞ்சு வளைஞ்சு போகும். வேலிக்கு அடியில நுழைஞ்சிருந்தாக் கம்பியில முடி மாட்டியிருக்கும். கயோட்டி முடியில சாம்பலும் கருப்புமாப் பட்டை பட்டையாத் தெரியும். நம்ம வேலியில நான் பாத்த முடி வெள்ளைங்க, நல்லா நீளமா இருந்துது. அதைப் பத்தி அப்பறம் பேசறேன்.

இங்க வெவசாயத் துறைக்காரங்க 2014-ம் வருசத்துக்கு நாடு பூராவும் செம்மறி செத்த கணக்கு எடுத்தாங்களாமா, பேத்தி படிச்சுச் சொன்னா. பெரிய ஆட்டுல மிருகம் அடிச்சுச் செத்தது பாதிக்கு மேல கயோட்டி கணக்குலதான் வருது, அதை நான் இல்லைங்கலை. ரெண்டாவது எடம் யாருக்குன்னு நெனைக்கறீங்க? மலைச் சிங்கத்துக்கா, கரடிக்கா? நாய்க்குங்க. ஏறக்கொறைய அஞ்சுல ஒரு பங்கு. இதுக்கு அமெரிக்கா வரைக்கும் வரவே வேண்டியதில்லை. எங்க காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் ராத்திரியில பட்டிக்குள்ள பூந்து செம்மறியக் கொதறிப்போட்டுப் போறது எந்தக் காட்டு மிருகமும் இல்லை, தெருநாயிங்கதான். செத்த ஆட்டைத் தூக்கிட்டு வந்து ரோட்டுல போட்டு எங்க சனம் மறியல் பண்ணி, அப்பறந்தான் 2025-ல அரசாங்கம் நட்டஈடு அறிவிச்சுது. அந்த ஊருல இருந்து வந்தவன்கிட்ட வந்து, நாய் அப்படிச் செய்யாதுங்க மாமான்னு சொல்றீங்க பாருங்க, உங்க தைரியம் எனக்கு வராதுங்க.

டெக்சாஸ்காரங்க இதுல வெவரமானவங்க. ஆடு மாடு கோழியக் கடிக்கற, கடிக்கப் போற, இப்பத்தான் கடிச்சுட்டு வந்த நாயையோ கயோட்டியையோ கொல்லலாமுன்னு சுகாதாரச் சட்டத்துல 822.013-ன்னு ஒரு பிரிவு. நாய், கயோட்டி ரெண்டையும் ஒரே வரியில கட்டிப்போட்டிருக்காங்க. சட்டம் எழுதுனவரு ஆடு வச்சிருந்திருப்பாருங்க.

சரி, கயோட்டியேதான்னு வச்சுக்குவோம். அக்கட்ட ஏக்கர் கணக்குல காடு வச்சிருக்கற வெள்ளைக்காரப் பெரியவரு எனக்குக் கூட்டாளி ஆயிட்டாரு. எனக்கு அவரு பேசறது புரியாது, அவருக்கு நான் பேசறது புரியாது, அதனாலயே ரெண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை. நடுவுல பேத்தி நின்னு சொல்லுவா. கண்ணிக் கம்பியத் தரையில பரப்பி வச்சு அவரு காமிச்சதை அப்படியே சொல்றனுங்க.

எங்க காலத்துல மொசலுக்குக் கண்ணி வச்சது சைக்கிள் பிரேக் ஒயர்ல. இது அப்படியில்லீங்க, முறுக்கின எஃகுக் கயிறு, ஓர் அங்குலத்துல பத்துல ஒரு பங்கு கூட மொத்தம் இல்லை. ஒரு முனையில வளையம், அந்த வளையத்தை எறுக்கறதுக்கு ஒரு பூட்டு. எல்லா வெனையும் அந்தப் பூட்டுலதான் இருக்குது. பூட்டுல ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு வட்டிக்காரன் மாதிரிங்க, ஏறுமே ஒழிய எறங்கவே எறங்காது. இழுக்க இழுக்க எறுகி உசுரை வாங்கிட்டுத்தான் உடும். இன்னொண்ணு, இழுக்கறதை நிறுத்துனா எறுகறதையும் நிறுத்திக்கும், சித்த தளர்ந்தும் குடுக்கும். நீங்க வாங்குன டசன் எந்தச் சாதின்னு பெட்டியில பாத்தீங்களா? வெலையப் பாத்திருப்பீங்க.

அந்த ரெண்டாவது பூட்டுலதான் நாய் பொழைக்கும். காரணம் கேளுங்க. கழுத்துப் பட்டை போட்டு வளத்த நாய்க்குக் கயிறு பழக்கம். கழுத்துல எறுகுனதும், யாரோ நம்மளக் கட்டிப்போட்டாங்கன்னு நெனைச்சுக் குத்தவச்சு உக்காந்துக்கும். எசமான் வந்து அவுப்பாருன்னு காத்துக்கிட்டுக் கெடக்கும். கயோட்டிக்கு எசமான் கெடையாது, அதனால அது போராடும். ஆக, தளர்ற பூட்டா இருந்தா, காலையில போயிப் பாக்கையில நாய் உங்களைப் பாத்து வாலாட்டும். எறங்காத பூட்டுன்னா, எவ்வளவு பழகுன நாயா இருந்தாலும் மூணு தடவை இழுத்தாப் போச்சுங்க.

பூட்டு மட்டும் நல்லதா இருந்தாப் பத்தாது, கண்ணிய எங்க வைக்கறீங்கங்கறதும் இருக்குது. சிக்குன உசுரு சுத்திச் சுத்தி வரும். பக்கத்துல ஒரு செடியோ, குச்சியோ, வேலிக் கம்பியோ இருந்தா அதுல கயிறு சுத்திக்கும், அப்பறம் எந்தப் பூட்டா இருந்தாலும் தூக்குக் கயிறுதான். வேலியத் தாண்டிக் குதிச்சுதுன்னா அந்தப் பக்கம் தொங்கிரும். விஸ்கான்சின் மாநிலத்துல இப்படிக் கண்ணி வைக்கறவங்களுக்கு, கயிறு எட்டற தூரத்துல அரை அங்குலத் தடிமனுக்கு மேல ஒரு செடிகூட இருக்கக் கூடாதுன்னே விதி போட்டிருக்காங்க. மொளைக்குச்சி அடிச்சுத் தரையோட கட்டோணும், நடுவுல தானாச் சுத்தற முள்ளாணி வளையம் இருக்கோணும், இல்லாட்டிக் கயிறு முறுக்கிக்கும். நீங்க எங்க வைக்கறதா இருந்தீங்க? வேலிக்கு அடியில, அந்தப் பள்ளத்துல, வேலிக் கம்பியிலயே கட்டி. ஏனுங்க, கயோட்டி நுழையற பள்ளத்துல நம்ம நாயி நுழையாதுன்னு அதுகிட்ட எழுதி வாங்கியிருக்கீங்களா?

அந்த வெள்ளை முடி நெனப்பு இருக்குதுங்களா? அது நம்ம பைரனீஸ் நாயோடதுங்க மாப்ளை. ஆட்டுக்குக் காவலுன்னு பெருந்தொகை குடுத்து வாங்கிட்டு வந்தீங்க, இது பகல்ல ஏசி ரூம்ல சோபா மேல படுக்குது, ராத்திரி எல்லாரும் தூங்குனப்பறம் வேலிக்கு அடியில பூந்து ஊரு சுத்தப் போகுது. அந்தச் சாதி நாய்க்குச் சுத்தறது பொறவிக் கொணமாமா, பெரியவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நீங்க கண்ணி வைக்கப் போற எடம் அதோட கேட்டு. மொதநாள் காலையில சிக்கியிருக்கறது எந்த நரியின்னு எனக்கு இப்பவே தெரியும்.

கண்ணியில மான் தடுப்புன்னு ஒரு குமிழ் வைப்பாங்க. வளையம் இரண்டரை அங்குலத்துக்கும் கீழ எறுகாது, மான் காலு வந்து மாட்டுனா நழுவிக்கும். அதிகமா இழுத்தாப் பிஞ்சுக்கற கொக்கியும் உண்டு. மாண்டானாவுல 350 பவுண்டு இழுப்புக்குப் பிஞ்சுக்கோணும்னு சட்டம். இதையெல்லாம் கடைக்காரன் விளம்பரத்துல படிச்சுட்டு, பத்திரமான கண்ணிதாங்க மாமான்னு எங்கிட்டச் சொன்னீங்க. மானுக்குப் பத்திரம், மாட்டுக்குப் பத்திரமுங்க. நாய்க்கழுத்து இரண்டரை அங்குலத்துல நிக்காது, நாயால 350 பவுண்டு இழுக்கறதும் லேசில்லை. விளம்பரத்துல இருக்கற பத்திரம் யாருக்குன்னு கேட்டுட்டு வாங்கறது பழைய ஆளுங்க பழக்கம்.

வழித்தடத்துல வச்சா வளையம் பத்து அங்குலம் அகலம், வளையத்தோட அடி தரைக்கு மேல பத்து, பன்னெண்டு அங்குலம். கயோட்டி தலைய நிமித்தாம ஓட்டமும் நடையுமாப் போறப்ப அந்த உசரத்துலதான் மூஞ்சி வரும். புதுக் கம்பி பளபளன்னு இருந்தாக் கண்டுக்கும், சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வச்சுப் பளபளப்பை எடுக்கோணும். அம்மிணி பொங்கலுக்கு வாங்குன பாத்திரத்துல மட்டும் கொதிக்க வச்சுப் போடாதீங்க, அப்பறம் அந்தக் கேசுல நான் சாட்சி சொல்ல வர மாட்டேன். எரை மட்டும் கூடவே கூடாதுங்க. கறித்துண்டு போட்டாக் கயோட்டி யோசிச்சுட்டு நிக்கும், ஊர்ல இருக்கற நாய் பூராவும் யோசிக்காம வந்துரும். செத்த குட்டிய வேலியோரம் வீசுனீங்களே, அதுவும் எரைதான். நரிக்கும் விருந்து, நாய்க்கும் விருந்து, அழைச்சது நீங்க.

கண்ணியில மாட்டுன நாய்க் கதை ஒண்ணு கேளுங்க. ரோக்ஸின்னு ஒரு நாய். பக்கத்து நியூ மெக்சிகோ மாநிலத்துல, சாண்டா குரூஸ் ஏரியோரம் 2018 நவம்பர்ல எசமானோட நடக்கப் போச்சு. அரசாங்க நெலம், சனம் உலாத்தற எடம். எவனோ வச்ச கழுத்துக் கண்ணியில மாட்டி, எசமான் கண்ணு முன்னாலயே உசுரு போச்சு. அவரால அவுக்க முடியலை. அந்த நாய் பேரையே வச்சு ஒரு சட்டம் வந்துருச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து அந்த மாநிலத்துப் பொதுநெலத்துல கண்ணி, பொறி, விசம் எதுவும் வைக்கக் கூடாது. கொலராடோவுல 1996-லயே சனங்க ஓட்டுப் போட்டு முக்காவாசியத் தடுத்துட்டாங்க. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற வேறைங்க. உங்க கவுண்டியில கேட்டு எழுதி வாங்கிக்குங்க. நம்மூருன்னா இந்தப் பேச்சே வேண்டியதில்லை, 1972-ம் வருச வனவிலங்குச் சட்டத்துல கண்ணி வச்சுப் புடிக்கறதும் வேட்டைதான். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு நரி மொகத்துல முழிச்சா யோகமுன்னு வலை கட்டி வங்காநரியப் புடிச்சு, வனத்துறைக்கு அபராதமும் கட்டறாங்க. யோகம் அபராத ரசீதா வருது.

விசத்துப் பக்கம் மட்டும் தலையே வைக்காதீங்க. 2017-ல ஐடஹோ மாநிலத்துப் போகடெல்லோ ஊர்ல, கயோட்டிக்குன்னு அரசாங்க ஆளுங்க நட்டு வச்ச சயனைடுக் குழாயை வூட்டுக்குப் பின்னால ஒரு பதினாலு வயசுப் பையன் தண்ணிக் குழாயின்னு நெனைச்சுத் தொட்டுட்டான். கூட இருந்த நாய் அங்கயே செத்துது, பையன் பொழைச்சது சாமி புண்ணியம்.

கண்ணி வச்சாத் தெனம் கோழி கூப்புட எந்திரிச்சுப் போயிப் பாக்கோணும். சட்டம் சில மாநிலத்துல 24 மணி நேரங்குது, சில எடத்துல அதுக்கு மேலயும் உடுது. நான் உட மாட்டேன். வாரம் ஒருநாள் பாக்கறதுக்கு அது உங்க மியூச்சுவல் ஃபண்டு இல்லீங்க, உசுரு. நீங்க எந்திரிக்கறதே எட்டு மணி மீட்டிங்குக்கு ஏழு அம்பதுக்கு. அதனால இப்பவே சொல்லிப்போடறேன், காலையில போயிப் பாக்க முடியாதுன்னா அந்த டசனையும் பெட்டியோட திருப்பி அனுப்பிருங்க. கேமரா வச்சுப் போன்ல பாத்துக்குவேன்னு சொல்லாதீங்க. போன்ல பாத்தா அவுக்க முடியுமா?

நாய் மாட்டிருச்சுன்னா என்ன பண்றது, அதையும் கேட்டு வச்சுக்குங்க. ஓடிப் போயி இழுக்கக் கூடாது, இழுத்தா இன்னும் எறுகும். துண்டையோ சட்டையையோ கழட்டி அது தலை மேல போட்டு மூஞ்சிய மூடிக்குங்க, சொந்த நாயே ஆனாலும் வலியில கடிக்கும். கண்ணியக் கட்டுன மொளைக்குச்சிப் பக்கமாவே நாயத் தள்ளிட்டுப் போனாக் கயிறு தொய்யும். தொய்ஞ்சதும் பொடனிப் பக்கம் வெரலை உட்டுப் பூட்டைப் புடிச்சுச் சாய்ச்சுப் பின்னால நகத்தோணும். வரலைன்னா வெட்டோணும். வூட்டுல இருக்கற கட்டிங் பிளேயர் இந்த எஃகுக் கயித்தை வெட்டாதுங்க, பல்லுதான் மழுங்கும். ஒயர் ரோப் வெட்டற கட்டர் தனியா விக்குது. அலாஸ்காவுல வனவிலங்குத் துறையே, பொறியில மாட்டுன நாய எப்படி எடுக்கறதுன்னு சனங்களுக்குச் சொல்லித் தருது. அவுத்தப்பறம் நல்லா நடக்குதேன்னு உட்டுராதீங்க, கழுத்து உள்ளுக்குள்ள வீங்கும், அன்னைக்கே டாக்டருகிட்டக் கொண்டு போயிருங்க.

சரி, எல்லாம் சரியாச் செஞ்சு கயோட்டியவே புடிச்சுட்டீங்கன்னே வச்சுக்குங்க. அப்பறம்? இந்த நாட்டு அரசாங்கம் 1915-ல இருந்து காசு ஒதுக்கிக் கயோட்டியையும் ஓநாயையும் தொலைக்கப் பாத்துது. ஓநாய் ஏறக்கொறையத் தொலைஞ்சுது. கயோட்டி பெருகுச்சு. மேக்குச் சமவெளியில இருந்தது இன்னைக்கு ஹவாய் தவிர மத்த 49 மாநிலத்துலயும் இருக்குது. இப்பவும் வெவசாயத் துறை ஆளுங்க வருசா வருசம் ஆயிரக்கணக்குல கொல்றாங்க, அது பாட்டுக்குக் குட்டி போடுது. அறுபத்து மூணு நாள்ல ஈத்து, ஒரு ஈத்துக்கு ஆறு குட்டி. 2007-ல சிகாகோ நடு டவுன்ல ஒரு கயோட்டி சாண்ட்விச் கடைக்குள்ள நடந்து வந்து, குளிர்பானம் அடுக்கற பொட்டிக்குள்ள ஏறிப் படுத்துக்கிச்சு. வெயில் கஷ்டமா இருந்திருக்கும் பாவம். நனையாம நரியக் குளிப்பாட்டறவங்க ஊர்ல பொறந்தவன் நான், ஆனா இதுகிட்ட நானே ஒண்ணு ரெண்டு பாடம் படிக்கோணும்.

கலிபோர்னியாவுல ஹாப்லண்டுன்னு பல்கலைக்கழகத்துக்காரங்க செம்மறி வளக்கற பண்ணை ஒண்ணு. அங்க பல வருசம் கயோட்டி கழுத்துல ரேடியோ கட்டிப் பாத்தாங்க. ஆடு கொல்றது பெரும்பாலும் அந்த எல்லைய ஆளற சோடிதான், அதுவும் குட்டிக்குத் தீனி தேடறப்ப. மத்ததெல்லாம் எலி, மொசலுன்னு பொழைச்சுக்குது. கண்ட எடத்துல கண்ணி வச்சுக் கண்டதைப் புடிச்சா ஆடு சாகறது கொறையறதில்லை. உங்க தோட்டத்துல இருக்கற சோடி ஆட்டைத் தொடாத சோடியா இருந்து, நீங்க அதைத் தூக்கிப்போட்டீங்கன்னா, காலி எடத்துக்குப் புதுசா ஒண்ணு வரும். அது தொடுமா தொடாதான்னு உங்க பெங்களூர்க் கூட்டாளியக் கேட்டுக்குங்க.

அதுக்குப் பதிலா ராத்திரி ஆட்டைப் பட்டியில அடைங்க. எங்க அப்பன் பாட்டனெல்லாம் அதைத்தான் பண்ணுனாங்க, பொழுதோட ஓட்டி வந்து படலைச் சாத்துனா முடிஞ்சுது. இங்கத்தி வேலிக்கு அடியில இருக்கற பள்ளத்தைக் கல்லுப் போட்டு அடைச்சு, வலைக்கம்பிய ஒரு முழம் தரையோட மடிச்சுப் போடுங்க. அதுக்குச் செலவாகற காசு கண்ணிக்குச் செலவானதை விடக் கம்மிதான், ஆனாக் குனியோணும்.

அந்தப் பைரனீஸ் நாயோட தப்பு ஒண்ணுமில்லீங்க. 1970-கள் கடைசியில மாசச்சூசெட்ஸ்ல ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு, துருக்கி, இத்தாலிப் பக்கத்துக் காவல் நாயிங்களைக் கொண்டாந்து இந்த நாட்டு ஆட்டுக்காரங்ககிட்டக் குடுத்துப் பாத்தாங்க. அவங்க கண்டது இதுதான்: பால்குடி மறந்ததும் குட்டிய ஆட்டோடயே உடோணும். ஆட்டு மூச்சும் நாத்தமும் பட்டு வளந்தா, ஆட்டைத்தான் தன் குடும்பமுன்னு நெனைக்கும். சோபாவுல வளந்தா சோபாவைத்தான் காக்கும். உங்க சோபாவை எந்தக் கயோட்டியும் இதுவரைக்கும் தொட்டதில்லை, கவனிச்சீங்களா?

இன்னொரு வழியும் உண்டு. கழுதைங்க. நாய்ச் சாதியக் கண்டாவே கழுதைக்கு ஆகாது, தொரத்தி மிதிக்கும். பொட்டைக் கழுதை இல்லாட்டிக் காயடிச்சது ஒண்ணு வாங்கி ஆட்டோட உடுங்க. ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு உட்டா ஒண்ணோட ஒண்ணு நாயம் பேசிக்கிட்டு ஆட்டை மறந்துரும். நாம ரெண்டு பேரும் காட்டுல நின்னா ஆட்டுக் கணக்குத் தப்பிப் போகுதில்லீங்களா, அதானுங்க.

இத்தனைக்கும் மேல கண்ணி வைக்கோணும்னா வைங்க. ஆனா இன்னைக்குப் பொழுதோடயே மூணு காரியம் பண்ணிருங்க. நம்ம நாயப் புடிச்சுக் கட்டிப்போடுங்க. அக்கட்டப் பெரியவருக்கும், சுத்தி நாய் வச்சிருக்கற அத்தனை வூட்டுக்கும், இன்ன எடத்துல கண்ணி வைக்கறேன்னு போன் போட்டுச் சொல்லிருங்க, சொல்லாம வச்சு அவங்க நாய் செத்துதுன்னா அந்தப் பகை உங்க நெலத்துப் பத்திரத்தை விட நாளைக்கு நிக்கும். கடைசியா, அந்த ஒயர் ரோப் கட்டரை வாங்கி வண்டியில போட்டு வைங்க. அது வந்து சேர்ற வரைக்கும் கண்ணிப் பெட்டியப் பிரிக்காதீங்க மாப்ளை.